உண்டியலுக்குத் தப்பிய சுறா

எல்லாவற்றுக்கும் காரணம் ராஜகுமாரி அனுப்பிய ஒரு படம்தான். மாலத்தீவில், கடலுக்கடியில், அவளும் ஒரு சுறாவும் தோளோடு தோளாக நீந்துகிற படம். அம்மா பெருமைப்படுவாள் என்று நினைத்து அனுப்பிவிட்டாள். சங்கரன்கோவில் வத்தல் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்த பார்வதியம்மாள் அதைப் பார்த்த மாத்திரத்தில் நேர்ந்துகொண்டாள்: "கோமதித் தாயே, வெள்ளியில சுறா உரு செஞ்சு போடுதேன். எம் பிள்ளை அந்த வேலைய விட்டுட்டு வந்துரணும்."

அந்த ஊருக்கு இது புதிதல்ல. கனவில் பாம்பு வந்தால் பாம்பு உரு, வீட்டுக்குள் தேள் திரிந்தால் தேள் உரு. தகட்டில் வாங்கி, தலையைச் சுற்றி, கோயில் உண்டியலில் போட்டுவிட்டால், அதற்குப்பிறகு அது நம் கண்ணில் படாது என்பார்கள். மகள் தன் கையாலேயே போட வேண்டும் என்பது பார்வதியம்மாளின் பிடிவாதம். ஆடித் தபசுத் திருவிழாவுக்கு லீவில் வந்தவளை விடாமல் சந்நிதித் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நான் போட மாட்டேம்மா. பயந்தவங்கதான் போடணும். எனக்கு என்ன பயம்?"

"அதான்ட்டி எனக்குப் பயமா இருக்கு."

"அப்போ நீ போடு."

"நானா கடலுக்குள்ள போய் நிக்கேன்? வாயாடாம வாட்டி."

வாயாடாமல் வருகிற பிள்ளையாக ராஜகுமாரி என்றைக்கும் இருந்ததில்லை. குருவிகுளம் பக்கம் மாமா தோட்டத்துக் கிணற்றில் பையன்கள் குதித்துக் கும்மாளமிட, பெண்பிள்ளைகள் துணி துவைத்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒருநாள் சோப்பைக் கீழே வைத்துவிட்டுப் பாவாடையோடு குதித்தாள். அன்று பார்வதியம்மாள் புளிய விளாரால் விளாசினாள். மறுநாள் தழும்போடு வந்து மறுபடியும் குதித்தாள். வளர்ந்த பிறகு மாலத்தீவில் ஒரு விடுதியில் வரவேற்பில் நிற்கிற வேலை கிடைத்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் நின்று சிரித்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. முக்குளிக்கக் கற்றாள். இப்போது மற்றவர்களைக் கடலுக்குள் கூட்டிப்போய்க் காட்டுவதுதான் வேலை.

"இந்த வருசமும் ரெண்டு மாப்பிள்ளை இடம் தட்டிப்போச்சு. சுறாவோட குளிக்கிற பொண்ணாங்கான், கேட்டியா?"

"ஆமான்னு சொல்ல வேண்டியதுதான?"

பார்வதியம்மாள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "அப்படி என்னதான்ட்டி இருக்கு அதுகிட்ட?"

இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை. ராஜகுமாரி பூக்கடை ஓரமாக ஒதுங்கிச் சொல்ல ஆரம்பித்தாள்.

பவளப்பாறைக்கு அடியில் ஒரு பொந்து. உள்ளே மணலில் இரண்டு கிடந்தன. வெண்நுனிச் சுறாக்கள், ஆள் நீளம், ஒல்லி, முதுகுத் துடுப்பிலும் வாலிலும் சுண்ணாம்பு தொட்டு வைத்தாற்போல வெள்ளை. சுறா என்றால் ஓயாமல் நீந்தினால்தான் மூச்சு என்று கேள்விப்பட்டிருந்தாள். இவையோ உண்ட மயக்கத்தில் கிடப்பவை போலக் கிடந்தன. செவுள் மட்டும் அசைந்தது. காதுக்குள் அவள் மூச்சுதான் கொல்லன் துருத்தி மாதிரி கேட்டது. ஒன்று எழுந்தது. நேராக அவளை நோக்கி வந்தது. பூனைக்கு இருப்பதுபோல் நெட்டுக்குத்தலாகக் கீறிய கண். கையை மடக்கிக்கொண்டு அசையாமல் நின்றாள். அது அவளைப் பார்த்தது. அவள் இடுப்பை ஒட்டித் திரும்பி, நீலத்துக்குள் போய்விட்டது.

"நம்ம அப்பா மூஞ்சிதாம்மா அதுக்கு. விலை குறைச்சுக் கேட்டா ஒரு முறை முறைப்பாருல்லா, அதே முறைப்பு. ஆனா ஒண்ணும் கேக்கல. வயசு என்ன, கல்யாணம் ஆச்சா, எந்தூரு, எதுவும் கேக்கல. பாத்துச்சு, போயிருச்சு. இந்த ஊர்ல அப்படி என்னைய யாராவது பாத்திருக்காங்களா, சொல்லு."

"கடிக்காதாட்டி?"

"வாய்க்குள்ள கைய விட்டா கடிக்கும். நம்ம கட்டுத்தறி மாடு முட்டாதா?"

பார்வதியம்மாள் விறுவிறுவென்று பிச்சையாவின் உருக்கடைக்குள் நுழைந்தாள்.

"வாங்க மதினி, தயாரா இருக்கு. சுறாவுக்கு ஏது அச்சு? நீங்க அனுப்புன படத்தைப் பாத்துக் கையாலயே தட்டினேன். ஒரு புள்ளி விடல."

அவர் பிரித்து வைத்த வெள்ளித் தகட்டில் சுறா இருந்தது. துடுப்பு, வால், முறைப்பு எல்லாம் அச்சு அசல். பக்கத்திலேயே, முக்குளிக்கும் கண்ணாடியும் முதுகில் காற்று உருளையுமாக ஒரு பெண்ணும் இருந்தாள்.

பார்வதியம்மாள் குனிந்து அந்தப் பெண்ணின் மேல் விரலை வைத்தாள். "கொழுந்தரே, இது யாரு?"

"படத்துல இருந்த பிள்ளைதான். ஒரு புள்ளி விடலன்னேன்லா?"

ராஜகுமாரிக்குச் சிரிப்பு பீறிட்டது. தகட்டை எடுத்து அம்மாவின் கையில் வைத்தாள். "சரி, வா போடுவோம். போட்டது கண்ணுல படாதுல்லா? என்னையும் சேத்துப் போடு. நானும் உன் கண்ணுல பட மாட்டேன்."

"ஏட்டி, வாயக் கழுவு!" பார்வதியம்மாள் தகட்டைப் பிச்சையாவிடம் நீட்டினாள். "கொழுந்தரே, பிள்ளைய மட்டும் வெட்டி எடுத்துரும்."

பிச்சையா கத்தரியை எடுத்தார். சுறாவின் துடுப்புக்கும் பெண்ணின் தோளுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தார். திருப்பியும் வைத்துப் பார்த்தார். பிறகு கத்தரியைக் கீழே போட்டார். "ரெண்டும் ஒட்டிக் கெடக்கு மதினி. எங்கன வெட்டினாலும் ஒண்ணு மூளியாயிரும். மூளி உரு தாயிக்கு ஆகாது."

"வெட்டுங்க சித்தப்பா, பாப்போம்," என்றாள் ராஜகுமாரி. இப்போது அவள் சிரிக்கவில்லை. "எம்மா, வேலைய விட மாட்டேன். நீ எத்தனை தகடு செஞ்சாலும் விட மாட்டேன். புதன்கிழமை போறேன். இங்கேயே சொல்லிட்டேன்."

வெளியே கோமதியம்மன் சப்பரத்துக்கு மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது. பார்வதியம்மாள் தகட்டை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"முறைப்பு அப்பிடியே இருக்கு," என்றாள்.

"யாரு முறைப்பு?"

"ரெண்டுக்கும்தான்." தகட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். "தாயிகிட்ட நான் பேசிக்கிடுதேன். நீ வா, வீட்டுக்குப் போவோம்."

புதன்கிழமை ராஜகுமாரி கிளம்பிப் போனாள். தகடு இப்போது வத்தல் கடையில், சாமி படங்களுக்கு நடுவில், ஆணி அடித்து மாட்டியிருக்கிறது. சரக்கு எடுக்க வருகிறவர்கள் வாயைச் சும்மா வைத்திருப்பதில்லை. "இது என்ன சாமி மதினி, புதுசா இருக்கே?"

"சாமியும் இல்ல, பூதமும் இல்ல," என்பாள் பார்வதியம்மாள், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல். "எம் மவளும் அவ சேக்காளியும். உமக்கு வத்தல் வேணுமா, வேண்டாமா?"