செல் என்ற சொல்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வசனம் கோணல்மாணலாகத்தான் வரும். மறதியும் கூடிவிட்டது. வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஊரில் சண்டை முடிந்த அந்த வருடம் நாங்கள் டென்மார்க்கில், இஷொய் என்ற இடத்தில் இருந்தோம். என் தங்கை, புருஷன் பிள்ளைகளோடு வன்னியில், கடற்கரைப் பக்கமாக நெருக்குப்பட்டுக் கிடந்த சனத்துக்குள் இருந்தாள். எப்போதாவது யாருடைய போனையோ கெஞ்சி வாங்கிக் கதைப்பாள். மற்ற நேரமெல்லாம் நான் போனைப் பார்த்தபடியே சமைப்பேன்.

மகள் இங்கே பிறந்தவள். யூனிவர்சிட்டியில் கடைசி வருடம். டிஎன்ஏயைச் செல்லுக்குள் புகுத்த எந்த வழி நல்லது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவள் வேலை. எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழில் அது கலம். அவளுக்குத் தெரிந்தது டெனிஷ் சொல், செல்லெ. அதை வெட்டி 'செல்' என்பாள். எங்களுக்குச் செல் என்றால் வானத்தால் வந்து விழுந்து வெடிப்பது ஒன்றுதான். அவள் சொல்லும்போதெல்லாம் என் தோள் இறுகும்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் விளங்கப்படுத்தினாள்.

"கரண்ட் அடிச்சால் செல்லின்ரை தோலிலை ஓட்டை விழும், அதாலை டிஎன்ஏ உள்ளை போகும். ஓட்டை மூடினால் பிழைப்பினம். மூடாட்டிச் செத்துப்போவினம்."

"செல்லுக்கும் மரியாதையோ?" என்று இவர் சிரித்தார். ஆட்களுக்குச் சொல்லும் 'பிழைப்பினம்', 'செத்துப்போவினம்' என்ற முடிவையே அவள் பொருட்களுக்கும் போடுவாள். டெனிஷில் வித்தியாசம் இல்லையாம்.

"ரெண்டாவது, கொழுப்புக்குள்ளை சுத்திக் குடுக்கிறது. அவையள் தாங்களாவே உள்ளை எடுப்பினம். சாகிறது குறைவு, ஆனா கொஞ்சந்தான் உள்ளை போகும். மூண்டாவது வைரஸ். நோயாக்கிற பகுதியைக் கழட்டிப்போட்டு எங்கடை டிஎன்ஏயை ஏத்திவிடுறது. அதுதான் நல்லாப் போகும். ஆனா உள்ளை போய் எங்கை ஒட்டும் எண்டு சொல்லேலாது."

இவர் யோசித்தார். "அப்ப ஒண்டு வேலியை வெட்டிப் போறது. ஒண்டு சாப்பாட்டுப் பார்சலுக்குள்ளை ஒளிச்சுப் போறது. மற்றது ஆமிக்காரன்ரை உடுப்பைப் போட்டுக்கொண்டு போறது."

"ஓம் அப்பா, கிட்டத்தட்ட அப்பிடித்தான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கை எந்த வழியால் வெளியே வரப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அந்தக் கிழமையே தங்கை எங்களுக்குப் போன் எடுத்தாள். "பிள்ளை என்ன செய்யிறாள் அக்கா?"

"செல்லுக்குள்ளை என்னவோ போடுறாளாம்."

"அங்கையும் செல்லோ?" அந்த நிலையிலும் சிரித்தாள். "போட வேண்டாம், இருக்கிறதைக் கழட்டச் சொல்லு." பிறகு குரலைத் தணித்தாள். "நாங்கள் நீரேரித் தண்ணிக்குள்ளாலை நடந்து அங்காலை, ஆமிப் பக்கம் போகப் பாக்கிறம். சத்தத்தைக் காணேல்லை எண்டு பயப்படாதை."

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. நான் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டு நின்றேன். இவர்தான் எடுத்தார். இவருக்குக் காது மந்தம். போனைப் பிடித்தபடியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

"செல்லாம்," என்றார். "எல்லாரும் செத்திட்டினமாம். ஒருத்தரும் மிஞ்சேல்லையாம்."

"ஆர் கதைச்சது?"

"பெம்பிளைக் குரல். அழுதது. கட்டாயிட்டுது."

அடுப்பை அணைத்தேன். கிழங்கு அரை அவியலில் கிடந்தது. சொந்தக்காரர் வந்தார்கள். வாசலில் சப்பாத்துக் குவிந்தது. பின்னேரம் மகள் வந்து அந்தச் சப்பாத்துகளைப் பார்த்துவிட்டு, "ஆர் செத்தது?" என்று கேட்டாள். இவர் மத்தியானம் வந்த போனைச் சொன்னார்.

அவள் பையைக் கீழே போட்டாள். "அது நான் அப்பா. என்ரை செல்லுகள். கரண்டைக் கூட்டி வைச்சிட்டன், எல்லாரும் செத்திட்டினம். லாபுக்குக் கீழை நிண்டு எடுத்தனான், லைன் சரியில்லை."

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும், கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தோம். "உன்ரை தமிழாலை ஒரு குடும்பத்தையே சாகடிச்சிட்டாய் பிள்ளை," என்று இவர் சொன்னார். நான் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினேன். செத்தவீட்டுக்கென்று வந்த சனம் சிரித்துக்கொண்டு திரும்பிப் போனது எனக்கு நல்லதாகப் படவில்லை.

தங்கையிடமிருந்து போன் வரவில்லை. சண்டை முடிந்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். அப்போதும் வரவில்லை. மகள் கொழுப்பு வழிதான் தன் செல்லுகளுக்கு நல்லது என்று எழுதிக்கொடுத்துப் பாஸ் பண்ணினாள். எங்களோடு கதைக்கும்போது 'கலம்' என்று சொல்லப் பழகியிருந்தாள்.

பிறகு, தப்பிய சனத்தை அடைத்து வைத்திருந்த முகாமிலிருந்து வெளியே வந்த ஒரு பெண் போன் எடுத்தாள். தங்கை குடும்பம் நீரேரிக்குள் இறங்கியதைக் கண்டாளாம். செல் விழுந்ததாம். கரையேறியதைக் காணவில்லையாம். என்ன நாள் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை போல, என்றாள். எந்த வெள்ளி என்று அவளுக்குத் தெரியவில்லை.

டிஎன்ஏயைப் பற்றி நான் எழுதியதில் பிழை இருந்தால் மகள் பார்த்துத் திருத்துவாள். மற்றதை, அந்த நேரம் நீரேரிக் கரையில் நின்ற யாராவது இதை வாசித்தால், அது எந்த வெள்ளி என்று சரிபார்த்துச் சொல்லுங்கள். அவர்களில் யாராவது கரையேறியதைக் கண்டிருந்தால் அதையும்.