அமாவாசைக்கு அமாவாசை பழுதான மெஷின்

திண்டிவனத்துக்கு வெளியே ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டம் போடுவது என் வேலை. விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். சென்னையில் இருக்கும் முதலாளி ஈ.ஆர்.பி. என்று ஒரு மென்பொருளை வாங்கி என் தலையில் கட்டினார். குறை சொல்லக்கூடாது, கெட்டிக்கார மென்பொருள். இத்தனை பெட்டிக்கு ஆர்டர் என்று தட்டினால் போதும். எத்தனை காகித ரோல், எவ்வளவு பசை, எந்த மெஷின் என்றைக்கு ஓட வேண்டும், லாரி எப்போது கிளம்பும் என்று மடமடவென்று சொல்லிவிடும். அதற்குத் தெரியாத ஒரே விஷயம் அமாவாசை.

எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் மேல்மலையனூர்ப் பக்கம். அமாவாசையன்று அங்காளம்மன் கோயிலுக்குப் போய்விடுவார்கள், அவர்களை ஏற்றிவர வேனை அனுப்புவதே வீண். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு நானும் போகமாட்டேன், வீட்டில் படையல். ஆனால் மென்பொருள் விடுமா? நேற்று ஏன் ஒரு பெட்டிகூடத் தயாராகவில்லை என்று மறுநாள் காலையில் காரணம் கேட்கும். ‘ஆள் வரவில்லை’ என்று போட்டால் உடனே முதலாளிக்குத் தகவல் போகும், வாங்கிக் கட்டிக்கொள்வது நான்தான். ‘மெஷின் பழுது’ என்று போட்டால் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். மெஷினுக்கு வாயா இருக்கிறது?

எந்த மெஷின் என்பதையும் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். மடித்த அட்டையில் கம்பி பின் அடித்துப் பெட்டியாக்கும் பழைய மெஷின் ஒன்று. கடைசி வேலை அது. அது நின்றால் ஒரு பெட்டியும் வெளியே போகாது. ஒரே பொய்யில் முழுத் தொழிற்சாலையும் அடங்கிவிடும். அந்தச் சிக்கனத்தை நினைத்து நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

அந்த மெஷினை ஓட்டுகிறவர் ஓர் அக்கா. காலால் மிதித்து ஓட்டுவது. அதில் வேறு யார் உட்கார்ந்தாலும் ஒரு பெட்டி முடிக்கும் நேரத்தில் அவர் இரண்டு முடிப்பார். அடித்த பெட்டிகளின் எண்ணிக்கையைச் சீட்டில் எழுதி என் மேசையில் வைப்பார். தேதி மட்டும் எழுதவே மாட்டார்.

நாலைந்து அமாவாசை போனதும் மென்பொருளே ஒரு மெக்கானிக்கை அனுப்பச் சொல்லிக் கேட்டது. அவர் வந்து பிரித்துப் பார்த்தார், எண்ணெய் விட்டார், வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று நல்ல ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றி வேறு ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். பக்கத்தில் நின்ற அக்காவின் முகம் கடுகடுவென்று இருந்தது.

“இதுக்கு இன்னா நோவுன்னு வந்தாரு இந்த ஆளு?” என்றார் என்னிடம்.

“சும்மா செக்கப்புக்கா,” என்றேன்.

பத்து மாதம் இப்படியே ஓடியது. ஒரு நாள் முதலாளி, மென்பொருள் கம்பெனிக்காரரோடு வந்து இறங்கினார். அந்த இளைஞர் மெஷின்கள் நடுவிலேயே மடிக்கணினியைத் திறந்து காட்டினார். எல்லா மெஷினும் பச்சையாக இருக்க, அக்காவின் மெஷின் மட்டும் சிவப்பு.

“மாசம் தவறாம ஒரு நாள் படுத்துடுது சார். இத எடுத்துட்டு ஆட்டோமேட்டிக் போட்டுடலாம்,” என்றார்.

முதலாளி தலையாட்டினார். “அப்ப இந்தம்மாவ வேற எடம் பாத்துக்கச் சொல்லிடுங்க,” என்றார் என்னைப் பார்த்து, ஏதோ நாற்காலியை நகர்த்தச் சொல்வதுபோல.

அக்காவுக்கு அது கேட்டுவிட்டது. மெஷினை விட்டு எழுந்து வந்தார்.

“என்னிக்கி படுத்துச்சுன்னு சொல்லுங்க மொதலாளி.”

இளைஞர் தேதிகளைப் படித்தார். நாலாவது தேதியிலேயே அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

“அதெல்லாம் அமாவாசைங்க. எங்களுக்கு ஞாயித்துக்கெழம மாதா கோயிலு, அமாவாசைக்கு எனக்கு இன்னா வேல? வேன் வராது, பஸ்ஸ புடிச்சிக்கினு வந்துடுவேன். முந்தின நாள் மிச்சம் கெடக்கும், அத ஒண்டியா அடிச்சிட்டு, சீட்ட தம்பி மேசைல வச்சிட்டுப் போவேன். வாச்மேனக் கேளுங்க.”

தேதியில்லாத அந்தச் சீட்டுகளை நான் மறுநாள் கணக்கோடு சேர்த்துக்கொண்டிருந்தேன். பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி. மொத்தம் குறையாததால் அவருக்கும் சந்தேகம் வரவில்லை. மறுநாள் ஏன் இத்தனை பெட்டி என்று நான் ஒரு நாளாவது யோசித்திருக்கலாம். அக்காவுக்குக் கை வேகம் என்று நினைத்துவிட்டேன்.

நான் ஒப்புக்கொண்டேன். கேவலமாக இருந்தது. மெஷின் இருக்கட்டும் என்றார் முதலாளி. அமாவாசையை விடுமுறையாகப் போட்டு, அன்றைய வேலையை அந்த வாரத்தின் மற்ற நாட்களுக்குப் பிரிக்கச் சொன்னார். இதை முதலிலேயே கேட்டிருந்தால் ஐந்து நிமிஷ வேலை என்றார் இளைஞர். பிறகு பழைய பதிவுகளைத் திருத்த என்னை உட்காரவைத்தார்கள்.

திருத்துவதற்கும் காரணம் கேட்கும் அந்த மென்பொருள். காலியாக விட்டால் ஏற்காது. அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். முதல் மாதத்துக்கு, ‘மெஷின் ஓடியது. நான் எழுதியது பொய்,’ என்று தட்டினேன்.

“நான் வந்திருந்தேன்னு போடுங்க தம்பி,” என்றார்.

போட்டேன். அடுத்த மாதத்துக்குச் சுருக்கமாக ‘மேற்படி’ என்று தட்டப் போனேன்.

“அதையும் முழுசா எழுதுங்க,” என்றார் அக்கா. “அன்னிக்கும் முழுசாத்தான வந்தேன்.”