அவளுக்காகப் பேசியவர்

ஆட்குறைப்பு நாளன்று எங்கள் சிங்கப்பூர் கிளமெண்டி அலுவலகத்தில் என்னையும் பக்கத்து மேசைக்காரியையும் தனித்தனியாக அறைக்குள் கூப்பிட்டார்கள். நான் ஐந்தே நிமிடத்தில் கடிதத்தோடு வெளியே வந்துவிட்டேன். அவளோடு யூனியன் அக்கா ஒருவரும் உள்ளே போனார். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். அந்த அக்கா கடிதத்தில் வரிவரியாக விரல் வைத்துக் கேட்கக் கேட்க, மேலாளர் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்.

யூனியனில் சேரச் சொல்லி அவள் படிவம் நீட்டியபோது, "சினிமா டிக்கெட் டிஸ்கவுண்டுக்குத்தானே லா?" என்று சிரித்தவள் நான். அந்த டிஸ்கவுண்டில் அவளோடு நாலு படம் பார்த்துவிட்டு, தேக்கா சந்தையில் பிரியாணியும் சாப்பிட்டிருக்கிறேன்.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தவள், "உனக்கு யாரு பேசினாங்க?" என்றாள்.

"நானே பேசிட்டேன்," என்றேன்.

நான் பேசியது ஒரே ஒரு 'தேங்க்யூ.'