சித்தி சுட்ட கரி

உலகத்தில் இதுவரை வெடித்த அத்தனை வெடிகளும் என் சித்தியிடம் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் வெடித்தன. வெடியுப்பும் கந்தகமும் சும்மா கூட வந்த ஆட்கள். வெடிமருந்தில் முக்கியமாக எரிகிற சரக்கு கரிதான். வெடிப் பட்டறைக்குக் கரி சுட்டுக் கொடுப்பது சித்தி.

லேசான மரமாகப் பார்த்து, மூடிய பீப்பாயில் சுடுவாள். கனத்த மரத்துக் கரி மருந்தில் சோம்பேறித்தனமாக எரியுமாம். சுட்ட கரி மேலே ஆறியிருந்தாலும் அடியில் சூடு பதுங்கியிருக்கும். அதனால் அரைக்க அனுப்பும் முன் முழங்கை வரை கையை விட்டுப் பார்ப்பாள்.

இப்போதெல்லாம் பார்த்த பீப்பாயையே திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். "என்ன சித்தி, உள்ள கோழி அடைகாக்குதா?" என்றால் முன்பெல்லாம் துரத்தி வந்து அடிப்பாள். சித்தப்பா அரைவை அறையில் கருகிப் போனதிலிருந்து அதுவும் இல்லை. சோறும் இறங்குவதில்லை.

ஆகவே அந்த விபத்தை நான் எழுதினேன். சித்திக்குப் படிக்கத் தெரியாது என்பதால் நானே சத்தமாகப் படித்தும் காட்டினேன்: "மின்கம்பியில் பொறி பறந்து தீப்பிடித்தது. கரியின் மேல் தப்பே இல்லை."

சித்தி பீப்பாய்க்குள் விட்டிருந்த கையை வெளியே எடுத்தாள்.

"அந்த ரூமுல ஏதுடா கரன்ட்டு? கையால சுத்துற மிஷின்தானே?"

"அது... பக்கத்து ரூம் கம்பி, சித்தி."

"புளுகுறதுக்கும் கொஞ்சம் மூளை வேணும்டா, கழுதை. அன்னிக்கு அவசரம்னு கையை விட்டுப் பாக்காமலே குடுத்தனுப்பினேன். அதை எழுது."