கப்பலேறிய காகிதங்கள்

கையெழுத்துப் போடுகிறவர் வக்கீல், அரக்கை உருக்கி விரலைச் சுட்டுக்கொள்கிறவன் குமாஸ்தா. எங்கள் தொழில் அவ்வளவுதான். கடல் தாண்டிப் போகும் காகிதங்களுக்கு அத்தாட்சி கொடுக்கும் உரிமை பெற்ற ஒரு வக்கீலிடம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பதினோரு வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். ரங்கூன், பினாங்கு, நேட்டால் என்று ஆள் எங்கே போயிருந்தாலும், இங்கே மிஞ்சியவர்கள் எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாக வேண்டும். நீங்களும் ஒரு முத்திரைக்காகக் கால் கடுக்க நின்றவர் என்றால் மேலே படியுங்கள். நாம் ஒரே ஜாதி.

கல்யாணத்துக்கு ருசு

சேத்தூரிலிருந்து மூக்காயி என்றொரு பெண் வந்தாள். அவள் புருஷன் தென்னாப்பிரிக்காவில் நேட்டால் பக்கம் கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்து, அங்கேயே காய்கறி பயிரிட்டுக்கொண்டிருந்தான். அவளை வரச்சொல்லி எழுதியிருந்தான். மனைவிதான் என்பதற்கு அத்தாட்சி இல்லாவிட்டால் துறைமுகத்தில் இறங்கவிட மாட்டார்களாம். "கல்யாணம் நடந்ததுக்கு என்னம்மா ருசு?" என்றார் வக்கீல். எழுந்து போனவள், மூன்றாம் நாள் ஒரு மாட்டுவண்டி நிறைய ஆட்களோடு வந்து இறங்கினாள். தாலி செய்த ஆசாரி, மேளம் வாசித்தவர், பந்தியில் சோறு போட்ட பெரியப்பா என்று ஆறு பேர்.

இரண்டு சாட்சி போதும் என்றால் மற்ற நாலு பேருக்கும் கோபம். அதனால் ஆறு பேர் சொன்னதையும் எழுதினேன். கடைசியில், புருஷனுக்கு அங்க அடையாளம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். ஏழு வருஷத்துக்கு முன் கப்பலேறிய மனுஷன். மூக்காயி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "வலது புருவத்துல ஒரு வெட்டு உண்டுய்யா. மத்த முகம் கொஞ்சங்கொஞ்சமா மறந்துக்கிட்டு வருது. வெரசா முத்திரையப் போட்டுக் குடுங்க."

பெட்டி

ராஜபாளையத்து ஆமினா பீவியின் ஒரே மகன் பினாங்கில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். காய்ச்சலில் அங்கேயே இறந்துபோனார். தாயார் ஒரு பவர் பத்திரம் எழுதி, அத்தாட்சியோடு அனுப்பினால் சாமான்களை ஒப்படைப்பதாகக் கடைக் கூட்டாளி எழுதியிருந்தார். அம்மாள் பெருவிரல் ரேகை வைத்த பிறகு சாமான் பட்டியலை வாசித்தேன். சுவர்க்கடிகாரம், குடை, தையல் மிஷின், துணிமணி வைத்த மரப்பெட்டி ஒன்று. பெட்டி என்றதும் கையமர்த்தினார். "கடியாரத்தையெல்லாம் அங்க உள்ளவுகளே வச்சுக்கிடட்டும் தம்பி. பெட்டிய மட்டும் யாரும் தெறக்காம அனுப்பணும்னு எழுதுங்க. தெறந்தா எம்மவன் வாசம் போயிரும்."

எழுத மறுத்த காகிதம்

சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு தாயும் தகப்பனும் நடந்தே வந்தார்கள். மகன் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. தாயார் சாகக் கிடக்கிறார் என்று அத்தாட்சி வந்தால்தான் துரை லீவு கொடுப்பாராம். "இம்புட்டு தூரம் நடந்து வந்தவங்களைச் சாகக் கிடக்காங்கன்னு நான் எப்படி எழுத?" என்றார் வக்கீல். அந்த அம்மாள் எங்களுக்கென்று கொண்டுவந்த நிலக்கடலையை மேஜையில் வைத்துவிட்டு, "அஞ்சு வருசமா சோறு எறங்கலையே சாமி, அது சீக்கு இல்லையா?" என்று கேட்டார்.

வக்கீல் முத்திரை வைக்கவில்லை. அவர்கள் போனபிறகு தம் பெயரிலேயே துரைக்கு ஒரு கடிதம் எழுதி, என்னிடம்கூடக் காட்டாமல் ஒட்டிவிட்டார். மூன்று மாதத்தில் அந்த மகன் எங்கள் வாசலில் வந்து நின்றான். வக்கீல் அப்போது கோர்ட்டில் இருந்தார். அவன் என்னிடம் கேட்டான்: "ஐயா அப்படி என்ன எழுதுனாக? துரை படிச்சிட்டு எந்திரிச்சுச் சன்னலண்ட போயி நின்னுக்கிட்டாரு. செத்த நேரம் கழிச்சு, போயிட்டு வான்னு மட்டும் சொன்னாரு."

என் பெயருக்கு வந்தது

என் தம்பி சங்கரன் ரங்கூனில் அரிசி ஆலையில் எழுத்தர். போய் ஒன்பது வருஷம். ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்னால் 'வாரேன்' என்று கடிதம் வரும், ஆள் வரமாட்டான். ஒருநாள் தடித்த உறை ஒன்று வந்தது. பிரித்தால் விடுதலைப் பத்திரம். கூடக் கடிதம் இல்லை. அங்கேயே கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்டதென்று பத்திரத்திலேயே எழுதியிருந்தது. பூர்வீக வீட்டில் தன் பங்கை எனக்கே விட்டுக்கொடுத்திருந்தான். திரும்பி வர நினைக்கிறவன் இப்படி எழுத மாட்டான். அது எனக்குத் தெரியாதா? இதே மாதிரி எத்தனை பத்திரங்களை நானே கட்டி அடுக்கியிருக்கிறேன்!

வரிவரியாகப் பிழை தேடினேன். ஒரு பிழை அகப்பட்டால் திருப்பி அனுப்பலாம். அவன் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும், கூடவே நாலு வரி கடிதமும் எழுதுவான். எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. வக்கீலிடம் கொடுத்து, "குறை ஏதாவது இருக்கா பாருங்கய்யா" என்றேன். ஏன் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கம் திருப்பி, மறுபடியும் முதலிலிருந்து படித்தார். அத்தனை மெதுவாக அவர் எந்தக் கட்சிக்காரர் பத்திரத்தையும் படித்ததில்லை. பிறகு மடித்து என் கையில் கொடுத்தார். "ஒரு குறையும் இல்லை ஓய். எல்லாம் சரியாத்தான் இருக்கு."

ஓர் எழுத்துப் பிழையாவது இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கிய குமாஸ்தா இந்தத் தொழிலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.