சாம்பனுக்கு விரதமில்லை

ஊர்காவற்றுறையில் பூனைக்கு ஊசி போடுகிறவர் யார் என்று கேட்டால் இராசமணி வீட்டுப் படலையைத்தான் காட்டுவார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எண்பத்தாறாம் ஆண்டு அவருடைய பூனை சாம்பன் ஓயாமல் தண்ணீர் குடித்து, எலும்பும் தோலுமாய்ப் போனது. அது மூத்திரம் பெய்த இடத்தில் எறும்பு மொய்ப்பதைக் கண்டவர், "இதுக்குச் சீனி வருத்தம்" என்றார். பூனைக்குச் சீனியோ என்று ஊரே சிரித்தது. சாம்பனைப் பனையோலைக் கடகத்தில் வைத்து மூடி, பஸ் ஏறி, யாழ்ப்பாணத்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார். வைத்தியர் சோதித்துவிட்டு, "நீங்கள் சொன்னது சரிதான் அம்மா" என்றார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் இன்சுலின் ஊசி. மருந்துப் போத்தல் தகரப்பேணிக்குள். பேணி, குளிர்ச்சிக்காக, ஈரமணல் நிரப்பிய மண்முட்டிக்குள். சாம்பன் அவித்த மீனைத் தின்று முடித்ததும் பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கிக் குத்துவார்.

"நானெண்டால் ஊசியைக் கண்டே மயங்கிவிடுவன். இவன் வாயை நக்கிக்கொண்டு இருக்கிறான்," என்பார் கணவர் பரமலிங்கம்.

ஐப்பசியில் கந்தசட்டி விரதம் தொடங்கியது. மீன் காய்ச்சும் மச்சச் சட்டிகளை எல்லாம் கழுவிக் கவிழ்த்து, வீடு மெழுகியாயிற்று. சாம்பனுக்குப் பாலும் சோறும் வைத்தார். அது மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தது.

"அவனும் விரதம் போலை," என்று பரமலிங்கம் சிரித்தார். இராசமணியும் சிரித்துக்கொண்டே ஊசியைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார்.

மத்தியானம் வந்து பார்த்தால், சாம்பன் குடிவெறிகாரன்போலத் தள்ளாடி வந்து காலடியில் சரிந்தது. கண் நிலைகுத்தி நின்றது.

"ஐயோ முருகா! வெறும் வயித்திலை குத்திப்போட்டனே!"

சாப்பிட்ட பிறகுதான் ஊசி என்று வைத்தியர் எத்தனை தரம் சொன்னார்! சீனியைத் தண்ணீரில் கரைத்து, விரலால் தொட்டுத் தொட்டு அதன் பல்முரசில் தேய்த்தார். வாய் முருகனைக் கூப்பிட்டது, கை நிற்கவில்லை. கடைசியில் ஒரு சின்ன நாக்கு விரலை நக்கியது.

சாம்பன் தலையைத் தூக்கியதும், பின்வேலியால் மீன்காரர் வீட்டு றோசம்மாவைக் கூப்பிட்டார்.

"றோசம்மா, நாலு சூடைமீன் தாரும்."

"விரதத்திலையோ அக்கா? முருகன் கோவிக்கமாட்டாரே?"

"சாம்பனையும் அவர்தான் படைச்சவர். அவருக்குத் தெரியும்."

கிணற்றடிக்கு அப்பால் மூன்று கல் வைத்து, பழைய பேணியில் மீன் அவித்தார். மற்ற ஐந்து நாளும் அப்படித்தான். விடிய மீன், பிறகு ஊசி, பிறகு தலைமுழுக்கு, அதன் பிறகே கோயில். தன் வாயில் பாலும் பழமும் தவிர ஒன்றும் படவில்லை.

சூரன்போர் அன்று ஈரத்தலையோடு ஓடிவந்தவரை மச்சாள் பார்வதிப்பிள்ளை கோயில் வாசலில் மறித்தார்.

"விரதக்காரி மச்சம் அவிக்கிறாவாம். உண்மையோ?"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இராசமணி முந்தானையை இழுத்துச் செருகினார்.

"ஓம் மச்சாள். அவிச்சு, சாம்பனுக்குத் தீத்தி, ஊசியும் போட்டிட்டுத்தான் வாறன். இப்ப மதிலிலை ஏறி இருக்கிறான், போய்ப் பாரும்," என்று சொல்லிவிட்டு, தலை நிமிர்ந்து உள்ளே போனார்.