கை ஓடினால்தான் பாட்டு

என் அண்ணனுக்குக் கை சும்மா இருந்தால் தொண்டை திறக்காது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நானும் சிரித்தவள்தான். அவன் ஒரு ராக் குழுவில் ட்ரம்ஸ் வாசித்தான்; பாட்டை எழுதிப் பாடியதும் அவனே. வாரம் முழுக்க லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை, சனி ஞாயிறில் ட்ரம்ஸ். பின்னால் எந்தக் கம்பெனியும் இல்லாத குழு அது. மெட்டும் அவர்களே போட்டு, சுவரொட்டியும் அவர்களே ஒட்டி, கீழே இறங்கிக் கைதட்டாததுதான் குறை.

பாடுகிறவன் மேடையின் கடைசியில், தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தால் யார் கண்ணில் படுவான்? கூட்டம் முன்னால் நின்ற கிட்டார்க்காரனைத்தான் பார்த்தது. நெட்டையன் என்று அவனுக்குப் பட்டப்பெயர். நிகழ்ச்சி முடிந்ததும் "குரல் பிரமாதம்" என்று அவன் கையைத்தான் பிடித்துக் குலுக்குவார்கள். அவனும் கூசாமல் நன்றி சொல்வான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அண்ணன் மட்டும் ட்ரம்ஸைக் கழற்றி உறையில் போட்டபடியே, "விடு, ரெக்கார்டு வந்தா அதுல என் குரல்னு பேர் போட்டிருக்கும்ல" என்பான். அந்த ஒரு ரெக்கார்டுக்காகப் பதினொரு வருஷம் வாசித்தான்.

ஒருவழியாக ஒலிப்பதிவுக்கு நாள் கிடைத்தது. நானும் கூடப் போனேன். முதல் தடவை குழு மொத்தமும் சேர்ந்தே ஒரு பாட்டை முழுசாக வாசித்தது; அண்ணன் ட்ரம்ஸ் வாசித்தபடியே பாடினான். ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "ட்ரம்ஸ் சத்தம் பூரா பாடற மைக்ல வந்து விழுது. முதல்ல ட்ரம்ஸ் மட்டும் வாசிச்சிடுங்க, பாட்டைத் தனியா எடுத்துக்கலாம்" என்றார். எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம்.

ட்ரம்ஸ் முடிந்தது. காதில் ஹெட்ஃபோனோடு அண்ணன் மைக்குக்கு முன்னால் நின்றான். கையை எங்கே வைப்பதென்றே அவனுக்குத் தெரியவில்லை. பாட ஆரம்பித்ததும் அந்தக் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. தொடையைத் தட்டிக்கொண்டே பாடினான். தட்டுகிற சத்தமும் மைக்கில் விழுந்தது. தலையணை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தலையணை அடி வாங்கியதுதான் மிச்சம். மூன்றாம் நாள் நெட்டையன் மெதுவாக, "நான் ஒரு தடவை பாடிப் பாக்கட்டுமா?" என்றான். நன்றாகத்தான் பாடித் தொலைத்தான், பாவி.

ரெக்கார்டு வந்தது. ஓரளவுக்கு ஓடவும் ஓடியது. அப்புறம் மேடையிலும் ஜனங்கள் அந்தக் குரலையே கேட்டார்கள், அண்ணனின் மைக்கை எடுத்துவிட்டார்கள். மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டு வாசித்தான். பிறகு வேலையிடத்தில் லிஃப்ட் குழிக்குள் விழுந்து வலது தோள் நொறுங்கியது. குழு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. கையோடு பாட்டும் போயிற்று. குளியலறையில்கூட அவன் முணுமுணுத்து நான் கேட்டதில்லை.

போன மாதம் அவன் மகள் வகுப்பில் "எங்க அப்பா பாடகர்" என்று பெருமையடித்திருக்கிறாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் ஃபோனில் பாட்டைத் தேடிப் போட்டு, பாடியது வேறு யாரோ என்று கேலி செய்துவிட்டார்கள். "ஏன்பா பொய் சொன்னீங்க?" என்று வந்து அழுதிருக்கிறாள். மறுநாள் அண்ணன் என்னிடம் வந்தான். எதையும் யாரிடமும் கேட்டறியாதவன்.

"முதல் தடவை எல்லாரும் சேர்ந்து வாசிச்சோமே, அது அந்த ரெக்கார்டிங்காரர்கிட்ட இருக்குமா? நீ கேட்டுப் பாரேன். எனக்குப் போகக் கூச்சமா இருக்கு."

அவன் பாடியது வேறெங்கும் பதிவாகவில்லை. மேடையில் பாடிய நாட்களில் யாரும் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. அதனால் போனேன். ஒலிப்பதிவாளருக்குத் தலை நரைத்திருந்தது, ஆனால் ஞாபகம் இருந்தது.

"அது சத்தம் சரியா வருதான்னு பாக்கறதுக்காக எடுத்ததும்மா. இடம் பத்தலைன்னு அன்னைக்கே அழிச்சிட்டேன்." பிறகு அவரே, "உண்மையைச் சொல்லணும்னா அந்த மூணு நாள்ல நல்லா இருந்தது அது ஒண்ணுதான். நான் அப்போ தொழிலுக்குப் புதுசு. எல்லாம் முறைப்படி செய்யணும்னு நினைச்சிட்டேன்" என்றார்.

அந்த மனிதரைத் திட்ட வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. திட்டி என்ன ஆகப்போகிறது. திரும்பிவிட்டேன்.

அண்ணன் வீட்டு வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றான்.

"இருக்கா?"

"இல்லண்ணா. அழிச்சிட்டாராம்."

"ஏனாம்?"

நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டால் இவன் மிச்ச நாளெல்லாம் அதையே நினைத்து நினைத்துச் செத்துப்போவான். எனக்கு அந்த ஒரு நிமிஷத்தில் தோன்றியது அவ்வளவுதான்.

"நல்லா வரலையாம்ணா. அதான் வெச்சுக்கலையாம்."

அவன் தலையாட்டினான். "அப்படியா. நான்தான் இத்தனை வருஷமா நல்லா இருந்துச்சுன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றான். குரலில் கோபம் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். அவன் மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னது வாசல்வரை கேட்டது.

"உன் ஃப்ரெண்ட்ஸ் சொன்னதுதாம்மா சரி. அப்பாவுக்குப் பாட வராது."